மனை பார்க்க வந்த சிங்கப்பூர்க்காரர்

1

நம் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்குப் பயண அனுபவம் எழுதச் சொன்னார்கள். இத்தனை காலம் சிங்கப்பூரில் இருக்கிறீர்களே, நிறைய எழுதலாமே என்றார்கள். இத்தனை காலமும் நான் போன பயணம் வீட்டிலிருந்து கப்பல் பட்டறைக்கு, பட்டறையிலிருந்து வீட்டுக்கு. கம்பெனி பஸ். ஏறினால் தூக்கம். அதில் எழுத ஒன்றும் இல்லை.

அதனால் போன மாதம் செங்கல்பட்டுப் பக்கம் போய் வந்ததை எழுதுகிறேன். எட்டாவது படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் மலர்க்குழு திருத்திக்கொள்ளட்டும்.

சங்கரன்கோவில் பக்கத்து ஆட்களான நமக்குச் செங்கல்பட்டு ஓர் ஊர் இல்லை. அது ஒரு சத்தம். விடியும் நேரத்தில் ரயிலில் யாராவது "செங்கல்பட்டு வந்துட்டு" என்பார்கள். உடனே எழ வேண்டும். சீட்டுக்கு அடியில் இருந்து பெட்டியை இழுக்க வேண்டும். ஒரு செருப்பு கிடைக்கும், இன்னொன்றைத் தேட வேண்டும். மெட்ராஸ் வரப்போகிறது என்று அர்த்தம். அங்கே இறங்கின ஆள் யாரையும் நான் பார்த்ததில்லை. அங்கேயும் மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது என் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

2

மகள் கவிதா. எங்களுக்கு ஒரே பிள்ளை. சிங்கப்பூரில் பிறந்தவள். ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறாள். அங்கே காதைப் பொத்திக்கொண்டு ஒருவன் வந்திருக்கிறான். பெயர் ஏழுமலை. மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்துப் பையன். நிற்கிற கப்பலுக்கு அடியில் முங்கி, ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டுகிற வேலை. காதில் தண்ணீர் புகுந்துவிட்டது. காது சரியாக ஒரு வாரம் போதும். அவன் பல மாதம் காட்டிக்கொண்டிருந்தான்.

அவள் என்னிடம் சொன்னது இதுதான்.

"அப்பா, நீங்க அவங்க ஊருக்குப் போய் பாருங்க. நீங்க நோ சொன்னா நோதான். நான் கேட்டுக்குவேன். ஆனா சும்மா நோ சொல்லக்கூடாது. ரீசன் வேணும் லா." சிங்கப்பூரில் எல்லாப் பேச்சுக்கும் வால் இந்த லா.

வேலை பர்மிட்டில் வந்தவன் சிங்கப்பூர்ப் பெண்ணைக் கட்ட வேண்டுமானால் சர்க்காரிடம் அனுமதி கேட்க வேண்டும். அதற்கு உண்டான கேள்விக்கெல்லாம் பதில் எழுதித் தயாராக வைத்திருந்தாள். பாக்கி நான் ஒருவன்தான். நான் சரி என்றால் கல்யாணம். இல்லை என்றால் அந்தப் பிள்ளை சொன்ன சொல்லைக் காப்பாற்றி, சாப்பிடாமல் கிடக்கும். அது எனக்குத் தெரியும். அதனால் தப்பாக எதுவும் சொல்லிவிடக்கூடாது.

பிறந்த நாட்டுக்குப் போக விசா வாங்கினேன். என்ன காரணத்துக்காகப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தது. மாப்பிள்ளை விசாரிக்க என்று எழுத அங்கே இடம் இல்லை. சுற்றுலா என்று மகளே எழுதினாள்.

3

முதலில் சங்கரன்கோவிலுக்குப் போய்ச் சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து ரயிலேறிச் செங்கல்பட்டில் இறங்கினேன். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். மெட்ராஸ் இன்னும் வரவில்லை என்று ஒரு பெரியவர் சொல்லவும் செய்தார்.

நல்ல காரியத்துக்குப் போகிறோம், முருகனைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று திருப்போரூர் பஸ்ஸில் ஏறினேன். கோயிலுக்கு உள்ளே போகும்போது நான் பக்தன். வெளியே வரும்போது மனை வாங்க வந்தவன். அப்படித்தான் ஆகிவிட்டது. கையில் வெளிநாட்டுப் பை, காலில் கேன்வாஸ் ஷூ. ஒருவர் வந்து கையைப் பிடித்தார். திருநீறு காய்வதற்குள் என்னை ஒரு வேனில் ஏற்றி, முள்ளுக்காட்டில் நட்டிருந்த வெள்ளைக் கல்லைக் காட்டி, இதுதான் உங்கள் ஹால், அதுதான் உங்கள் பெட்ரூம் என்றார். பெட்ரூமில் ஒரு ஆடு நின்றது.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. மாப்பிள்ளை விசாரிக்க வந்தேன் என்று சொன்னால் ஊர் உஷாராகிவிடும். மனை பார்க்க வந்தேன் என்று சொன்னால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த ரோட்டில் எல்லாரும் மனைதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாமல்லபுரத்தில் ரூம் போட்டேன். கல் யானை விற்கிறவன் என்னிடம் இங்கிலீஷில் பேசினான். நான் தமிழில் பதில் சொன்னேன். அவன் இந்தியில் விலை சொன்னான். என் வேஷம் சரியாக இருக்கிறது என்று தைரியம் வந்தது.

4

குப்பத்தில் ஒரே டீக்கடை. கடைக்காரர் பெயர் தேசிங்கு. நான் பெஞ்சில் உட்காருவதற்கு முன்பே கேட்டார்.

"இன்னா பெருசு, மனையா?"

"ஆமா. பாக்கலாம்னு."

"பாரு, பாரு. கடல் மட்டும்தான் இன்னும் யாரும் பிளாட் போடல. அத்த வாணா உனக்கு முடிச்சித் தரேன்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மீன்கூடையோடு ஒரு அம்மா வந்து எதிர் பெஞ்சில் குந்தினாள். நல்ல குரல். வியாபாரக் குரல். அவளைப் பச்சையம்மா என்று கூப்பிட்டார்கள்.

நான் கடலைப் பார்த்துக்கொண்டு, பட்டும் படாமல் கேட்டேன்.

"இந்த ஊர்ல வெளிநாட்டுல வேல பாக்குற பையன் யாரும் உண்டா?"

"கீறானுங்க," என்றார் தேசிங்கு. "ஏயுமலன்னு ஒருத்தன் சிங்கப்பூர்ல கீறான். இன்னாத்துக்கு?"

"சும்மா."

"சும்மா கேக்கறவன் டீய ஆறவுட்டுகினா கேப்பான்? குடி மொதல்ல."

"ஆளு எப்படி?"

"அவனா? தூங்குமூஞ்சி. படகுல ஏத்தினா படகுலயே தூங்குவான். ஒரு தபா கரைக்கு வந்த அப்பாலயும் எய்ந்துக்கல. வலையோட சேத்துக் காயப் போட்டோம்."

பச்சையம்மா விடவில்லை. "துன்றதுல மட்டும் தூக்கம் வராது. வஞ்சிரத் தல போட்டா பெத்தவளயே வித்துடுவான்."

"கோவம் வருமா?"

"வரும். வந்தா மூஞ்சத் தூக்கிகினு கடல்ல போயி மெதப்பான். பசி எடுத்தா தானா வந்துடுவான்."

"குடி?"

"அதுக்கும் லாயக்கு இல்ல," என்றார் தேசிங்கு. "ஒரு தபா குட்ச்சான். கோயிலாண்ட குந்திகினு அழுதான் பாரு, சாமிக்கே பேஜாரா பூட்ச்சி."

ஊரே சேர்ந்து சிரித்தது. ஒருவரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. எனக்குத் தலை சுற்றியது. நம் பக்கத்தில் மாப்பிள்ளை விசாரித்தால் இரண்டே பதில்தான் வரும். தங்கமான பையன் என்பார்கள். அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை. அல்லது நமக்கு எதுக்கு அண்ணாச்சி என்று வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்கு அர்த்தம் உண்டு. இது மூன்றாவது வகை. எனக்குப் பழக்கம் இல்லை.

பிறகு பச்சையம்மா என்னை விசாரித்தாள்.

"பொண்ணு புள்ள இன்னா?"

"ஒரு பொண்ணு."

"சோறாக்குமா?"

"நூடுல்ஸ் செய்யும்."

"மீன் ஆயத் தெரியுமா?"

"எங்க ஊர்ல வெட்டியே பாக்கெட்டுல வரும்."

"ஐய! கட்டிக்கப் போறவன் பாவம்," என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மனை பார்க்க வந்தவன் மகளுக்குச் சமைக்கத் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன என்று அப்போது நான் யோசிக்கவில்லை. இந்தப் பக்கத்து வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன். சிங்கப்பூரில் எங்கள் பக்கத்து வீட்டுச் சீனரும் நானும் ஒரே லிஃப்டில் நரைத்தவர்கள். மழை வரும் என்பார். ஆமாம் என்பேன். அதற்கு மேல் போனதில்லை. ஒரு டீக்குள் மகளின் சமையல் வரைக்கும் வந்தது எனக்கு ஒரு மாதிரி நன்றாகவே இருந்தது.

மாலையில் டெலிபோன் பூத்தில் இருந்து மனைவிக்குப் போன் செய்தேன்.

"விசாரிச்சியளா? பையன் எப்படியாம்?"

"தூங்குமூஞ்சியாம். தின்னிமாடனாம்."

"அய்யய்யோ. யாரு சொன்னா?"

"எல்லாரும். சிரிச்சுக்கிட்டே."

"நீங்களும் அப்படித்தான இருக்கிய," என்று வைத்துவிட்டாள்.

5

மறுநாள் காலை கரையில் கரைவலை இழுத்தார்கள். படகில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று இழுப்பது. ஒரு கயிற்றுக்கு ஆள் குறைவாக இருந்தது. தலையில் துண்டு கட்டிய ஒல்லியான மனிதர் ஒருவர் என்னைப் பார்த்து, "புடி" என்றார். என்னைவிடக் குறைவாகப் பேசுகிற ஆளை அன்றுதான் பார்த்தேன். பிடித்தேன்.

வாழ்நாள் பூராவும் கப்பலுக்கு வெல்டிங் வைத்தவன் நான். ஆனால் பட்டறையில் கப்பல் வரும்போது தண்ணீரை வடித்துவிடுவார்கள். கடலில் கால் நனைத்தது அதுதான் முதல் தடவை. முதல் அலைக்கே ஷூ நிறைந்தது.

"பெருசு, நீ கயித்தப் புடிச்சிக்கீறியா, கயிறு உன்னப் புடிச்சிக்கீதா?"

"பின்னால சாயி! மனை வாங்க வந்தவன் மாதிரி நிக்காத, கடன வசூல் பண்ண வந்தவன் மாதிரி நில்லு!" என்று கயிற்றில் நின்றவர்கள் கத்தினார்கள்.

சாய்ந்தேன். கை எரிந்தது. சந்தோஷமாக இருந்தது. வலை வந்தது. காரப்பொடி மீனும் சின்னச் சின்ன சங்கராவுமாக மணலில் துள்ளியது. ஒல்லி மனிதர் குந்தி உட்கார்ந்து மீனைக் கூறு கூறாகப் பிரித்தார். ஒரு கூறை எடுத்து என் காலடியில் வைத்தார்.

"உன் பங்கு."

நான் நம் ஊர் மனுஷன். யார் எதைக் கொடுத்தாலும் நாம் முதலில் வேண்டாம் என்போம். கொடுக்கிறவர் வற்புறுத்த வேண்டும். மறுபடியும் வேண்டாம் என்போம். அவர் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். அப்போதும் ஒரு வேண்டாம் சொல்லிவிட்டு, வேறு வழியில்லாமல் வாங்கிக்கொள்வது போல் வாங்கிக்கொள்வோம். அதுதான் மரியாதை. கொடுத்த உடனே வாங்குகிறவனைப் பறக்காவெட்டி என்போம்.

"எனக்கு எதுக்குங்க. வேண்டாம்," என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இரண்டாவது முறை கேட்கவில்லை. என் கூறை எடுத்து மற்றக் கூறுகளில் பிரித்துப் போட்டார். துண்டை உதறிக்கொண்டு நடந்துவிட்டார்.

வற்புறுத்தத் தெரியாத ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

6

டீக்கடைக்குப் போனேன். தேசிங்கு பெஞ்சைத் துடைத்தார்.

"வாங்க சார். டீ சாப்பிடறீங்களா சார்?"

கிளாசை வெந்நீரில் இரண்டு தடவை கழுவினார். யாரும் சிரிக்கவில்லை. யாரும் பெருசு என்று கூப்பிடவில்லை. கயிறு இழுத்ததும் மரியாதை வந்துவிட்டது பார் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தத் தெம்பில் மறுபடியும் கேட்டேன்.

"அந்த ஏழுமலை இன்னும் என்னென்ன பண்ணுவான்?"

"நல்ல பையன் சார்."

அவ்வளவுதான். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நல்ல பையன். அந்த வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும். நம் ஊரில் வேண்டாத இடத்துப் பையன்களுக்கெல்லாம் நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கதவைச் சாத்துவதற்கு முன் சொல்கிற வார்த்தை. நேற்றுவரை அவ்வளவு பேசின ஊர் இன்று வாயை மூடுகிறது என்றால் என்னவோ இருக்கிறது. பையனுக்கு வேறு பெண்டாட்டி இருக்கிறதோ. போலீஸ் கேசோ. மகள் கேட்ட ரீசன் கிடைத்துவிடும் போலிருந்தது. அப்படித் தோன்றியதும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

ரூமைக் காலி செய்துவிட்டுப் பையோடு மாமல்லபுரம் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றேன். பச்சையம்மா மீனை விற்றுவிட்டுக் காலிக்கூடையோடு வந்தாள். அவள் ஒருத்திதான் சார் போடவில்லை.

"கெளம்பிட்டியா? மனை புடிக்கலியா?"

"யோசிக்கணும்."

"யோசிக்கறவன் நின்னுகினா யோசிப்பான்? வூட்டாண்ட வா. ஒரு வாய் தண்ணி குட்ச்சிட்டுப் போ."

வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் அதற்குள் என் பையைக் கூடையில் போட்டுக்கொண்டு குப்பத்தைப் பார்த்து நடந்துவிட்டாள்.

7

சின்ன வீடு. டிவி இருந்தது. டிவிக்கு மேலே ஒரு போட்டோ. கண்ணாடி போட்டு, சட்டம் அடித்து வைத்திருந்தார்கள். போட்டோவில் கவிதா. பக்கத்தில் என் மனைவி. நடுவில் நான். பறவைப் பூங்காவில் எடுத்தது. தலையில் கிளி மூக்கு வைத்த காகிதத் தொப்பி.

மாலை போடவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

"இது எப்ப வந்துச்சு?" என்றேன். வேறு என்ன கேட்பது.

"பொங்கலாண்ட ஏயுமல குட்த்தனுப்சான். என் புள்ளதான் அவன். ஊரே வந்து பாத்துச்சி. நீ பஸ்ஸ வுட்டு எறங்கசொல்லவே தேசிங்கு ஆளு அனுப்ட்டான். சம்பந்தம் வந்துகீது, தொப்பி இல்லாத வந்துகீதுன்னு."

"அப்புறம் ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"நீ மனை பாக்க வந்தேன்னு சொல்லிகினு கீற. பெரிய மனுசன் பொய் சொல்லசொல்ல குறுக்க பேசலாமா?"

நான் உட்கார்ந்துவிட்டேன். அவளும் எதிரே உட்கார்ந்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"அதெல்லாம் சோக்காத்தான் போய்கினு இருந்துச்சி. நீ பங்கு வாணான்னு சொல்லிட்ட."

"அதுல என்ன?"

"அதுல இன்னாவா? கயிறு புட்ச்சவன் பங்கு எடுக்கலன்னா, உங்களோட எனக்கு ஒட்டு இல்ல, ஒறவு இல்லன்னு அர்த்தம். எதிரிகூட இங்க பங்க வுட மாட்டான். குட்த்தது யாரு தெரியுமா? என் வூட்டுக்காரரு கன்னியப்பன். அவரு நேரா வூட்டுக்கு வந்து குந்திகினாரு. சோறு துன்னல. பொண்ணு குடுக்க மாட்டாங்கடி, சாய்ந்தரம் பையன் போன் பண்ணா சொல்லிடு, மனசத் தேத்திக்கட்டும்னு மட்டும் சொன்னாரு. ஊருக்கே தெரிஞ்சி பூட்ச்சி. அதான் எல்லாரும் சார் போடறானுங்க."

நான் எல்லாம் யோசித்துப் பேச வந்தவன். பேச ஆரம்பிப்பதற்கு முன்பே நோ சொல்லியிருக்கிறேன். அதுவும் பையனின் அப்பா முகத்துக்கு நேராக.

"அம்மா, எங்க பக்கத்துல முதல்ல வேண்டாம்னுதான் சொல்லணும். மூணு தடவ சொல்லிட்டு அப்புறம் வாங்கிக்கிடணும்."

அவள் என்னையே பார்த்தாள்.

"வாணும்னாலுமா?"

"வேணும்னாத்தான்."

"இன்னாத்துக்கு?"

"மரியாதை."

"மூணு தபாவா? அதுக்குள்ள மீன் நாறிடாது?"

வீட்டுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். இருமல் இல்லை. சிரிப்பை அடக்கிய சத்தம். கன்னியப்பன் வந்து வாசற்படியில் நின்றார். நான் எழுந்தேன். இரண்டு பேரும் போட்டோவைப் பார்த்தோம்.

"குந்து," என்றார்.

பச்சையம்மா தட்டு வைத்துச் சோறு போட்டாள். மீன்குழம்பு ஊற்றினாள். "இது உன் பங்கு இல்ல. அது போனது போனதுதான். இது எங்க பங்கு," என்றாள்.

இப்போதுதான் சாப்பிட்டேன், வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. பழக்கதோஷம். அதையும் சேர்த்து விழுங்கினேன். கை கழுவி உட்கார்ந்தேன்.

நாங்கள் புஞ்சைக்காட்டு ஆட்கள். எங்களுக்குத் தெரிந்த மீன் கருவாடு. முள் எடுக்கத் தெரியாமல் தடவிக்கொண்டு தின்றேன். வாசலில் வெளிச்சம் குறைந்தது. நிமிர்ந்து பார்த்தால் தேசிங்கு. அவருக்குப் பின்னால் கயிறு இழுத்த ஆட்கள். கடையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

கன்னியப்பன் கேட்டார். "எப்டி கீது?"

நன்றாக இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். சட்டென்று தேசிங்கு சொன்ன நல்ல பையன் ஞாபகம் வந்தது. இந்த ஊரில் நல்ல வார்த்தையை யாருக்குச் சொல்வார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். இன்னொரு கவளம் உருட்டி வாயில் போட்டு மென்றேன்.

"உப்பு கம்மி," என்றேன்.

பச்சையம்மா தரையில் ஓங்கி அடித்தாள்.

"எனக்கா? என் கொளம்புலயா? தேசிங்கு, கேட்டுகினியா? துன்றது முள்ளு, பேசறது பேச்சப் பாரு! சம்பந்திக்குக் கொய்ப்பப் பாரு!"

வாசல் முழுக்கச் சிரித்தது. "பெருசு, தப்பிச்சி ஓடு!" என்று யாரோ கத்தினார்கள். பெருசு. அந்த வார்த்தை அவ்வளவு இனிக்கும் என்று எனக்குத் தெரியாது. கன்னியப்பன் சட்டியில் கையை விட்டு ஒரு பெரிய துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

உப்பு சரியாகத்தான் இருந்தது. இந்த மலர் அந்தக் குப்பத்துக்குப் போகாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

சாயந்தரம் ஏழுமலையின் போன் வந்தது. பச்சையம்மா எடுத்தாள். நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று தெரிந்தே, நான் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னாள்.

"டேய், உன் மாமனாரு வந்துகீறாரு. போட்டோல கீற மூஞ்சியே தேவல. வாயத் தொறந்தா பொய்யி, நாக்கு செத்துக்கீது, முள்ளுகூட எடுக்கத் தெரியல. இன்னா பண்றது, உன் தலையெழுத்து. கட்டிக்க."